ஓர் எழுத்தையும் மறுக்காத அப்பீல்

வக்கீலுக்கு ஏது ஓய்வு என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் முழங்கால்தான் தீர்ப்புச் சொன்னது. மேல்மாடிக் கோர்ட்டுக்கு ஏற முடியாதவள் கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு கீழே நின்று யாருக்காக வாதாடுவது? கோட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். வக்கீல் சங்கத்தில் சால்வை போர்த்தி, கேசரி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கேசரி நேரத்தில்தான் ஜூனியர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இப்போது எல்லாம் இ-ஃபைலிங். உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்பீலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். "மேடம், அப்பீலுக்கு என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. நாங்க டிக் அடிச்சிக்கினே போயிடுவோம்" என்றாள் ஒருத்தி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், காஞ்சிபுரம் கோர்ட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தீர்ப்பின் நகல், அப்பீல் மனு, வக்காலத்து, கோர்ட் கட்டணம், எதிர்த்தரப்புக்குப் பிரதிகள், தடை உத்தரவு கேட்டுத் தனியாக ஒரு மனு. இதுதான் லிஸ்ட், மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். இதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அப்பீலும் ஜெயித்ததில்லை. ஜெயித்த அப்பீல் ஒன்றைச் சொல்கிறேன், எல்லாம் அதில் வந்துவிடும் என்றேன். கையில் கேசரித் தட்டோடு நின்றபடியே கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் செவிலிமேட்டுக்காரி. தாத்தா காலம்வரை எங்கள் குடும்பத்துக்குப் பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா ரயில்வேயில் கேங்மேன் ஆனார், நான் வக்கீல் ஆனேன். படித்த கதையெல்லாம் பெரிய கதை இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன், பாஸ் செய்தேன். முதல் நாள் கோர்ட்டில் எழுந்து நின்றபோது நீதிபதி என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க சீனியர் வரலையா?" என்று கேட்டார். "கேஸ் கட்டு என்கிட்டதான் இருக்குதுங்க ஐயா" என்றேன். வாய்தா வாங்கத்தான் எழுந்தேன் என்பது வேறு விஷயம்.

என் சீனியர் வேதாசலம் சார். அவரிடம் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அவர் மேஜைக்கு எதிர் நாற்காலியை விட்டு நான் எழுந்தபோது எனக்குப் பேரன் பிறந்திருந்தான். தனி ஆபீஸ் போடச் சொல்லாதவர் கிடையாது. எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது, அவ்வளவுதான். "பர்மனென்ட் ஜூனியர்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவர்களின் கட்சிக்காரர்கள் பலர் பிற்பாடு என்னிடம்தான் வந்து நின்றார்கள்.

சார் கத்த மாட்டார். தோற்றுப்போன தீர்ப்போடு யாராவது உள்ளே வந்தால் அதைக் கையில்கூட வாங்க மாட்டார். "என்ன தேதி?" என்பார். வந்தவர் கண்ணீரோடு தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். "அது இருக்கட்டும், என்ன தேதி?" தேதியைக் கேட்டுச் சுவரிலுள்ள காலண்டரைப் பார்த்த பிறகுதான் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். சேர்ந்த புதிதில் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அநியாயம் மலையளவு இருந்தாலும் கெடு தாண்டிவிட்டால் அதைக் கேட்க ஆளில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. தோற்ற தீர்ப்பை என்னிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வார். "ஜெயிச்சவன் மாதிரி படிம்மா" என்பார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். எரிச்சலோடு படித்தால் நீதிபதி மேல் கோபம்தான் வருமாம். ஜெயித்தவன் மனசோடு ரசித்துப் படித்தால், "ஐயையோ, இந்த இடத்தைப் பற்றி யாரும் கேட்காமல் இருக்கணுமே" என்று ஒரு வரியில் தொண்டை அடைக்குமாம். அந்த வரியில்தான் அப்பீல் இருக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கு இது சுத்த நாடகமாகத் தெரிந்தது. ஆனாலும் படித்தேன்.

அடுத்தது நகல் பிரிவு. தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்ட அன்றே அப்பீல் கெடு அப்படியே நின்றுவிடும். நகல் தயார் என்று சொன்ன நாளில் மறுபடி ஓட ஆரம்பிக்கும். நாம் ஆற அமரப் போய் வாங்கிய நாள் கணக்கில் வராது, தயாரான நாள்தான் கணக்கு. நடுவில் முத்திரைத்தாள் கொண்டுவரச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் மனுவே தள்ளுபடி. வீட்டில் காலை ஜெபம் முடித்து வந்தால் எனக்கு அடுத்தது அந்தப் பலகைதான். ஒரு தடவை வெளியூரிலிருந்து ஒரு பெரிய ஆபீஸ் எங்களுக்கு எதிராக அப்பீல் போட வந்தது. கார் நிறையப் புத்தகம். பலகையைப் பார்க்க மட்டும் ஆள் இல்லை. நாங்கள் வாயே திறக்காமல் ஜெயித்தோம். அன்றைக்கு நான் மைசூர்பாகு வாங்கி வந்தேன். சார் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. "இதுக்குப் பேரு ஜெயிக்கிறதாம்மா?" என்றார். எனக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

இனி கோமளாவின் வழக்கு. பழைய வாடகைச் சட்டம் அமலில் இருந்த கடைசிக் காலம் அது. சாருக்கு எண்பதை நெருங்கிய வயது, எனக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

கோமளா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவள். கணவரும் நெசவுதான், இறந்துவிட்டார். மாமனாரும் காலேஜ் படிக்கிற மகனும் கூட இருந்தார்கள். வாடகை வீடு, கூடத்தில் குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதித்து நெய்கிற தறி. வீட்டை விட்டு வெளியேறினால் தறியின் மரச்சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், குழியை எடுத்துக்கொண்டு போக முடியுமா? இன்னொரு வாடகை வீட்டுக்காரர் தரையைத் தோண்ட விடுவாரா? வீடு போனால் அன்றைக்கே பிழைப்பும் போகும்.

வீட்டுக்காரருக்கு இடித்துவிட்டு மாடியும் கடையுமாகக் கட்ட ஆசை. அவர் போட்ட மனு இதுதான். கணவர் போன பிறகு கோமளா நெசவை விட்டுவிட்டாள், திருப்புட்குழியில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள், வீடு மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. குடியிருக்காமல் நாலு மாதம் போட்டுவைத்தால் காலி செய்யச் சொல்ல அந்தச் சட்டத்தில் இடமுண்டு. கோர்ட், வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்து, நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. அவர் பார்த்தார், எழுதினார். தறி துணியால் போர்த்தி மூடப்பட்டிருந்தது. நெசவு நடக்கவில்லை. கோமளா வீட்டில் இல்லை. அவள் திருப்புட்குழிக்குப் போயிருப்பதாக மாமனார் சொன்னார்.

விசாரணையில் கோமளாவைக் கூண்டில் ஏற்றி, வீட்டுக்காரரின் வக்கீல் இரண்டே கேள்வி கேட்டார். "கமிஷனர் வந்த அன்னிக்கி தறி ஓடிச்சா?" "ஓடல." "அன்னிக்கி நீங்க திருப்புட்குழியிலதான இருந்தீங்க?" "ஆமா." போதும் என்று உட்கார்ந்துவிட்டார். அவள் தரப்பு வக்கீல் அறிக்கைக்கு ஆட்சேபமும் போடவில்லை, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவுமில்லை. ஒரு மாதத்தில் காலி செய்ய உத்தரவாயிற்று.

எங்கள் ஆபீசுக்கு அவள் வந்தபோது சார் வழக்கம்போல, "என்ன தேதி?" என்றார்.

"நாள் இருக்குதுங்க. ஒரு மாசம் குடுத்திருக்காங்க, இன்னும் பாதிகூட ஆவல" என்றாள்.

சார் காலண்டரைப் பார்த்தார். எழுந்தே நின்றுவிட்டார். ஒரு மாதம் என்பது வீட்டைக் காலி செய்ய. அப்பீலுக்கு அந்தச் சட்டத்தில் பதினைந்தே நாள். அதில் மிச்சமிருந்தது இரண்டு நாள். இந்தக் குழப்பத்தில் அடிபட்டுப் போன குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஜெயசீலி, நகல் மனு. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். கவுன்ட்டர் மூடுவதற்குள் ஓடிப்போய்ப் போட்டேன். கெடு நின்றது. அந்த இரண்டு நாளும் எங்கள் கையில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை வாங்கிவந்து கோமளாவை எதிரில் உட்காரவைத்தோம். சார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அறிக்கைக்கு ஆட்சேபம் இல்ல. தறி ஓடலைன்னு நீயே ஒத்துக்கிட்ட. ஊர்ல இல்லைன்னும் ஒத்துக்கிட்ட. எதை வச்சும்மா அப்பீல் போடறது?" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே குறைவு. கோமளா மடியில் கைகளை வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டு இழை அறுத்து அறுத்துக் காய்ப்பேறிய விரல்கள்.

"அறிக்கையை ஒரு தரம் படிச்சிடறேன் சார்" என்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரின் வக்கீலாக என்னை நினைத்துக்கொண்டு, குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். துணி போர்த்திய தறி. ஆஹா. ஆள் இல்லை. பிரமாதம். அதற்கடுத்த வரி: "அந்த வீட்டில் மட்டுமல்லாது, தெரு முழுவதும் நடந்து சென்றபோதும் எங்கும் தறிச் சத்தம் கேட்கவில்லை."

தொண்டை அடைத்தது.

நான் நெசவுக்காரக் குடும்பம் இல்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்துக்குள் போனால் தறிச் சத்தத்தில் ஒரு போன் பேச முடியாது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் தறி ஓடவில்லை என்றால் அந்த வீட்டில் நெசவில்லை. தெருவே ஓடவில்லை என்றால்?

"அன்னிக்கி தெருவுல ஏதாவது சாவாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லியே. அன்னிக்கி அமாவாசைம்மா. அமாவாசைக்கு யாரு தறியில எறங்குவாங்க?"

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திருப்புட்குழிக்கு எதுக்குப் போனீங்க?"

"அமாவாசைக்குத்தான். குளத்துல முழுவிட்டு எம்புள்ள அவங்கப்பாவுக்கு எள்ளுந்தண்ணியும் உடுவான். மாசாமாசம் போறோம். சாயங்காலம் வந்துடுவோம்."

"தறிக்குத் துணி போர்த்தினது?"

"பாதி சேல இருக்குதும்மா தறியில. பாவு நூலுமேல தூசி பட்டா என்னாவறது? நெய்யாத தறிக்கு யாராவது துணி போத்துவாங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டினேன். "இதை ஏம்மா கூண்டுல சொல்லல?"

"ஓடிச்சான்னுதான கேட்டாங்க? ஓடல. கோர்ட்ல நின்னுக்கினு பொய்யா சொல்றது? அமாவாசைன்னு ஊருக்கே தெரியும், ஜட்ஜுக்குத் தெரியாதா?" என்றாள் கோமளா. அவளுக்கும் கோபம் வந்திருந்தது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நாம் ஞாயிற்றுக்கிழமை கோர்ட் ஏன் திறக்கவில்லை என்று யாருக்காவது விளக்கிச் சொல்வோமா? அதுபோலத்தான் அவளும் விட்டுவிட்டாள்.

"இப்ப அறிக்கையை மறுக்க முடியாதேம்மா. அங்க போடாத ஆட்சேபத்தை இங்க எப்படிப் போடறது?" என்று சார் கேட்டார். வேண்டுமென்றே கேட்டார் என்று நினைக்கிறேன்.

"மறுக்கவே கூடாது சார். அவர் எழுதினதுல ஓர் எழுத்தைக்கூட நாம மறுக்கல. எல்லாம் சத்தியம்னு ஒத்துக்கறோம்" என்றேன். சொல்லும்போதே உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பீலில் புதுக் கதை சொல்ல விடமாட்டார்கள். எங்களுக்குப் புதுக் கதையே தேவையில்லை. கமிஷனர் போன தேதி அறிக்கையிலேயே இருக்கிறது. அது அமாவாசையா என்று பார்க்கச் சாட்சி வேண்டாம், நீதிபதி தானே பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், சட்டம் இடம் கொடுக்கிறது.

நகல் தயாரான மறுநாளே அப்பீலைத் தாக்கல் செய்தோம். திருப்பினார்கள். கீழ்க்கோர்ட்டில் மாமனாரும் ஒரு தரப்பு, அப்பீலில் அவர் பெயர் இல்லை. அங்கே இருந்த ஒருவர்கூட இங்கே விடுபடக்கூடாது. அவர் பெயரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி மறுபடி கொடுத்தோம். இதற்குள் காலி செய்யக் கொடுத்த மாதம் முடிந்து, வீட்டுக்காரர் கோர்ட் அமீனாவோடு வந்து வீட்டைச் சுவாதீனம் எடுக்க மனுப் போட்டுவிட்டார். அப்பீல் போட்டுவிட்டோமே என்று பலர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். அப்பீல் போட்டதால் மட்டும் வீடு தப்பாது, தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். வாங்கிய தடையைக் கீழ்க்கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும்.

தடை கிடைத்த அன்று சார் எனக்கு டீ குடிக்கக்கூட நேரம் தரவில்லை. நான் உத்தரவோடு முன்சீப் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது அமீனா வாரன்ட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "மத்தியானம் போறதா இருந்தேன், நல்ல வேளம்மா. பொம்பள இருக்கிற வீட்டுல பாத்திரத்தத் தூக்கித் தெருவுல வெக்கறது எனக்கு மட்டும் புடிக்குமா?" என்றார்.

அப்பீலை விசாரித்தவர் ஒரு பெண் சப் ஜட்ஜ். "நீதான் வாதாடணும்" என்று சார் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து, கமிஷனர் அறிக்கையை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம் என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரரின் வக்கீல் புன்சிரிப்போடு நாற்காலியில் சாய்ந்தார். அறிக்கையின் தேதியை வாசித்தேன். பஞ்சாங்கத்தைக் கொடுத்தேன். நீதிபதி பக்கத்தைப் புரட்டி விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தெருவில் சத்தமில்லை என்ற வரியை வாசித்தேன். "ஒரு வீடு நெசவை விட்டதுக்கு இது சாட்சின்னா, பிள்ளையார்பாளையமே நெசவை விட்டதுக்கும் இதுதான் சாட்சி" என்றேன். எதிர் வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். செத்த தறிக்குப் போர்வை எதற்கு என்ற கேள்வியோடு உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைக் கமிஷனரைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்லவில்லை. கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதியிருந்தார், அந்த நேர்மைதான் எங்களைக் காப்பாற்றியது.

"அமாவாசையில் தறி ஓடாது என்பது வெறும் வாய்ப்பேச்சு" என்றார் எதிர் வக்கீல். நீதிபதி பேனாவை மூடினார். "மேற்கொண்டு விசாரிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ரெண்டு பேரும் வாங்க, இப்பவே போய்ப் பார்க்கலாம்" என்றார். யாருக்கும் சொல்லி அனுப்ப அவகாசமில்லை.

தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். சாயத் தண்ணீர் ஓடும் சாக்கடையைத் தாண்டும்போதே சத்தம் பிடித்துக்கொண்டது. எதிர் வக்கீல் ஏதோ சொன்னார், நீதிபதி காதில் கையை வைத்து "என்ன?" என்றார், அவர் மறுபடி சொன்னார், மறுபடியும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோமளா தறியில் இருந்தாள். மகன் பக்கத்தில் சேலைக் கரைக்கு நூல் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தான். வந்திருப்பது யார் என்று நான் சொன்னேன். "ஒரு நிமிசம்மா, இந்தப் பூ பாதியில நிக்குது" என்றாள் அவள். நீதிபதி நின்றார். அவள் முடித்துவிட்டு, குழியின் விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தாள். நீதிபதி குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். சிமெண்ட் அங்கே மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அறிக்கையில் கண்ட துணி கொடியில் மடித்துத் தொங்கியது. வெளியே வந்து, அடுத்த வீட்டில் தறியிலிருந்த ஒருவரைப் பார்த்து, "உங்களுக்கு அடுத்த லீவு எப்போ?" என்று உரக்கக் கேட்டார் நீதிபதி. "லீவா? அமாவாசைக்குத்தாம்மா" என்றார் அவர், நாடாவை நிறுத்தாமலே.

அப்பீல் அனுமதிக்கப்பட்டது. காலி செய்யும் உத்தரவு ரத்து. வீட்டுக்காரர் ஹைகோர்ட்டுக்கும் போனார், அங்கேயும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சப் கோர்ட்டில் தீர்ப்பு வாசித்த அன்று சார் பின் வரிசையிலிருந்து எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுக்குப் பேரு ஜெயிக்கிறது" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என் கையைக் குலுக்கியது அந்த ஒரு தடவைதான். நான் கோர்ட் வராந்தாவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

கோமளா அன்று கோர்ட்டுக்கு வரவில்லை. சேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள். ஆட்டோ பிடித்து நானே போய்ச் சொன்னேன். நான் சொன்னது சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள், மறுபடி சொன்னேன்.

"அப்ப இனிமே செவுத்துல ஆணி அடிக்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பெட்டியைத் திறந்து, புடவைக்கு நடுவில் வைத்திருந்த கணவரின் படத்தை எடுத்தாள். வழக்கு முடிகிறவரை வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது, சுவரைச் சேதப்படுத்தினதாக அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துவிடுவார்கள் என்று பழைய வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தாராம். படத்துக்குக் கண்ணாடி போட்டு வருவதற்குள் வழக்கு வந்துவிட்டதால் அது பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"தாராளமா அடிம்மா" என்றேன்.

மகன் சுத்தியலை எடுக்கப் போனான். அவள் அதை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, தறிக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டு ஏறித் தானே அடித்தாள். பழைய சுவர். இரண்டாவது அடியிலேயே கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. நான் பதறிப்போனேன்.

"உழட்டும்மா, பூசிக்கலாம். இங்கதான இருக்கப் போறோம்" என்றாள் கோமளா.